நானூறு வயது ஜன்னலைச் செய்தவர்

எழுபது வயதுக்குள் கிளெம் ஃபிஸ்க் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு சொன்னார். எங்கள் பிராக்ஃபீல்ட் கிரீன் கிராமத்தில் அவரைத் தெரிந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. மனிதர் நாற்பத்தாறு வருடம் ஒரே பண்ணையில் பால் மாடுகளோடு மாரடித்தவர். விடிகாலையில் மாடுகளிடம் பேசித் தீர்த்த பிறகு மனிதர்களுக்கென்று அவரிடம் சொல் மிஞ்சுவதில்லை. பப்பில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் "குளிருது" என்பார், இல்லாவிட்டால் "அவ்வளவு குளிரல" என்பார். அந்த இரண்டில் எதைச் சொன்னாலும் அது உண்மையாக இருக்கும்.

அவருக்கு வாய்த்த டோரீன் நேர் எதிர். லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் மீன் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள். காற்றையும் அலையையும் மீறிக் கத்திப் பேசிப் பழகிய குடும்பம். கல்யாணமாகி எங்கள் சஃபக் உள்நாட்டுக்கு வந்த பிறகும் அவள் குரலைத் தணிக்கவில்லை. அவள் கடையில் பேசினால் சர்ச்சில் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

1956இல் அவர்கள் வாங்கிய வீட்டுக்குக் கிளேபிட் என்று பெயர். வாசலில் இருக்கும் களிமண் குட்டைதான் பெயருக்குக் காரணம். வீட்டைக் கட்டியவர்கள் அங்கே மண் தோண்டி, வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்து, ஓக் சட்டங்களுக்கு நடுவே பின்னிய குச்சிகள் மேல் அப்பிச் சுவர் எழுப்பினார்கள். தோண்டிய பள்ளம் வாத்துகளுக்கு ஆயிற்று. நீளமான, ஒடுங்கிய வீடு. நடுவில் செங்கல் புகைபோக்கி, மேலே வைக்கோல் கூரை, சுவரில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு. இன்றைக்கு லண்டனிலிருந்து காரில் வந்து இறங்கி, ஆஹா ஓஹோ என்று போட்டோ எடுக்கிறார்கள். அன்றைக்குச் சீந்துவாரில்லை. இடித்துவிட்டு இரண்டு செங்கல் வீடு கட்டலாமா என்று கவுன்சிலே யோசித்துக்கொண்டிருந்தது. வசதியுள்ளவன் எவனும் மண் வீட்டில் குடியிருக்க மாட்டான் என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது. இப்போது ஒருவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டோரீன் தையல்காரி. கிழக்கு ஓரத்து அறையில் மிஷினைப் போட்டாள். அந்த அறைக்கு இருந்த வெளிச்சமெல்லாம் தெற்கே ஒரு சின்னத் துவாரம் வழியாக வருவதுதான்.

"ஏ மனுஷா, ஊசியில நூல் கோக்க நான் வாசலுக்கு ஓட வேண்டியிருக்கு" என்று அவள் முதல் குளிர்காலத்தில் சொன்னாள். "கடலப் பாத்து வளந்தவள கொண்டாந்து கோழிப் பெட்டியில அடைச்சிட்டியே!"

"ம்" என்றார் கிளெம்.

அந்த "ம்" ஒரு சத்தியம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. 1957 வசந்தத்தில், பக்கத்துப் பண்ணையில் ஒரு பழைய களஞ்சியத்தை இடித்தபோது, கிளெம் அதன் ஓக் சட்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் அதுவரை ஜன்னல் செய்தவரில்லை. அவர் நெருங்கிப் பார்த்த ஒரே ஜன்னல் சொந்த வீட்டுப் பால் அறையில் இருந்தது: கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னல், சதுர ஓக் கட்டைகளை மூலை வெளியே பார்க்கும்படி திருப்பி வரிசையாக நிறுத்தியது. அதைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி, ஆனால் பெரிதாகச் செய்தார். கிழக்குச் சுவரில் கூரையைத் தாங்கும் இரண்டு குத்துக்கால்களை அறுத்து எடுத்தார். அவற்றின் அடிப்பக்கம் புழுத்துப்போயிருந்ததால் முழுசாகவே எடுத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே செங்கல் வைத்துப் பூசினார். கூரை தலையில் விழும் என்று டோரீன் குட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே யோசனை சொன்னாள். கட்டைகளுக்கு உள்புறம் கண்ணாடி போட்டு முடிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அவள் மிஷினை அதன் அடியில் நகர்த்தினாள். பிறகு நாற்பத்திரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. எங்கள் ஊரில் நடந்த பாதிக் கல்யாணங்களின் வெள்ளைக் கவுன்கள் அந்த வெளிச்சத்தில் தைத்தவை. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பொய் வந்த கதை இதுதான். 1984இல் அரசாங்கம் பழைய வீடுகளையெல்லாம் பட்டியல் போட ஆள் அனுப்பியது. பட்டியலில் ஏறிவிட்டால் வீடு நம்முடையது, ஆனால் நம் இஷ்டத்துக்கு ஒரு ஆணி அடிக்க முடியாது. கிளேபிட்டுக்கு வந்த ஆள் கொட்டும் மழையில் வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பலகை, பென்சிலை வாயில் கவ்வியிருந்தார். அன்றைக்கு அவருக்கு அது பதினோராவது வீடு. கிழக்குச் சுவருக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். குடை சாய்ந்து மழை முழுவதும் கழுத்தில் இறங்கியது, அவருக்குத் தெரியவில்லை.

"இது எவ்வளவு பழசு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னைவிடப் பழசுன்னுதான் தோணுது. மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்றாள் டோரீன். களஞ்சியத்து மரத்தைத்தான் சொன்னாள் என்று பிற்பாடு சாதித்தாள்.

தேநீர் கொடுத்தாள், உலர்பழ கேக் கொடுத்தாள், காயவைக்க அவருடைய கோட்டை வாங்கிக்கொண்டாள். கிளெம் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தபோது அந்த மனிதர் முகம் நிறையச் சந்தோஷத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்த விருந்தாளியை "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்வது பொய் சொல்வதைவிட மோசமான காரியம். கிளெம் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. புகைபோக்கி, கூரை, குத்துக்கால் எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்: "கிழக்குச் சுவரில் ஐந்து திறப்புகள் கொண்ட அரிய ஜன்னல், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி, சிறிதும் சிதையாதது." டோரீன் அதைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளெம் பேனாவையும் காகிதத்தையும் எடுத்து வைத்தார்.

"என்ன பண்ற?"

"எழுதிப் போடறேன். தப்புன்னு."

"வேணாம். அந்த மனுஷன் நனைஞ்ச கோழியா வந்து எவ்வளவு குஷியா போனான்! அவன் வேலைக்கு உலை வைக்காத. நீ பண்ண ஜன்னலுக்கு ராஜாங்க மரியாதை கிடைச்சிருக்கு. பேசாம இரு."

பேசாமல் இருப்பது கிளெம்முக்குக் கஷ்டமான வேலை இல்லை.

அதோடு போயிருந்தால் சரி. மூன்று வருடம் கழித்து மிஸ்டர் டென்னிங் வந்தார். மாவட்டக் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கண்காணிக்கிறவர். உயரமானவர், கூச்ச சுபாவம், எப்போதும் ஒரே பச்சை டை. அந்த ஜன்னல் என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு மே மாதமும் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். வாச்சியால் செதுக்கிய அடையாளத்தைக் காட்டுவார், கட்டையின் சாய்வைக் காட்டுவார். ஒரு தடவை ஒரு அம்மாள் மரத்தைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். கிளெம் அன்று முழுவதும் கோழிக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. டோரீனோ தேநீர் தட்டோடு நடுவில் நிற்பாள். திடீரென்று இருமல் வந்து, துணியை வாயில் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவாள். "உங்க மனைவி நெஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று டென்னிங் ஒவ்வொரு வருடமும் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போவார். கூட்டம் போன பிறகு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். கிளெம் சத்தம் போட்டுச் சிரிப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

1999 ஜனவரியில், மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபடியே டோரீனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுளுக்கு நன்றி என்றார் கிளெம். நர்ஸுகள் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் தினமும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். முட்டை கொண்டுபோவார், செய்தித்தாள் கொண்டுபோவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிப்ரவரியில் ஒரு நாள் ஆஸ்பத்திரி அம்மாள் ஒருத்தி, சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்க, அளவு நாடாவோடு கிளேபிட்டுக்கு வந்தாள். முன்கதவைத் திறந்தாள். எதிரே மூன்றடியில் புகைபோக்கியின் செங்கல் முதுகு. அந்தக் கால வீடுகளில் அப்படித்தான். இடமோ வலமோ உடம்பை ஒடித்துத் திரும்பினால்தான் அறைக்குள் போகலாம். நானூறு வருடமாகக் காற்றை வெளியே நிறுத்திய ஏற்பாடு, இப்போது சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்தியது. பின்கதவுக்குப் போனாள். பால் அறைக்குள் இரண்டு படி இறங்க வேண்டும், கிளெம்மே தோளைச் சாய்த்துத்தான் நுழைவார்.

"மிஸ்டர் ஃபிஸ்க், நாற்காலி உள்ள போகாதுங்க" என்றாள் அந்த அம்மாள். அவள் கெட்டவள் இல்லை. "ஸ்டோமார்கெட் டவுன்ல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. ஏப்ரல் கடைசியில ஒரு எடம் காலியாகுது. நல்லா பாத்துப்பாங்க. நீங்க வாரம் ரெண்டு தடவ போய்ப் பாக்கலாம்."

வாரம் இரண்டு தடவை. நாற்பத்து மூன்று வருடத்தில் அவர்கள் ஒரு ராத்திரி பிரிந்து படுத்ததில்லை, இந்த ஜனவரி வரை. கிளெம் அவளை அனுப்பிவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதிதாக ஒரு வாசல் வைத்தால் போதும். ஆனால் எங்கே வைப்பது? ஒன்றரை அடிக்கு ஒரு குத்துக்கால், எல்லாம் அசல், எல்லாம் நானூறு வருடம் கூரையைச் சுமந்தவை. அதை அறுக்கக் கவுன்சிலும் விடாது, அவருக்கும் மனம் வராது. குத்துக்கால் இல்லாத இடம் அந்த வீட்டிலேயே ஒன்றுதான். அதை உண்டாக்கியவரும் அவர்தான்.

டோரீனிடம் அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் முன்பு அவள் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருந்தார். "இந்த மனுஷன் கல்யாண நாளுக்கு ஒரு பூ வாங்கினதில்ல. ஆனா எனக்குன்னு சுவத்த ஓட்டை போட்டுச் சூரியனக் கொண்டாந்தான். அது போதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலை எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், நான் இல்லத்துக்கே போகிறேன், ஜன்னலைத் தொடாதே என்பாள். நிச்சயம் சொல்வாள். அதனால், "என்ன மறைக்கிற?" என்று அவள் கேட்டபோதெல்லாம் கிளெம் "குளிருது" என்றார். குளிரத்தான் செய்தது.

கவுன்சிலுக்கு எழுதினார். மார்ச் முதல் வாரம் டென்னிங் வந்தார். கிழக்குச் சுவருக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"மிஸ்டர் ஃபிஸ்க், விஷயம் கேட்டு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அவங்க குடுத்த கேக் சாப்பிட்டே நான் ஒரு சுத்து பெருத்தவன். வேற எந்த எடத்தக் கேட்டிருந்தாலும் ஏதாவது யோசிச்சிருப்பேன். ஆனா இந்த ஜன்னலையா?"

"வேற எடம் இல்ல."

"எலிசபெத் ராணி காலத்து ஜன்னல எடுக்க நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?"

"எலிசபெத் ராணி காலத்து ஜன்னல்தான்" என்றார் கிளெம். "ஆனா இப்ப இருக்கிற ராணி."

டென்னிங் புரியாமல் பார்த்தார்.

"நான் செஞ்சது. அம்பத்தேழுல."

டென்னிங் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கிளெம்மின் முழங்கையை மெதுவாகத் தொட்டார். "எனக்குப் புரியுது. உங்க எடத்துல நான் இருந்தாலும் எதையாவது சொல்லத்தான் செய்வேன்."

"இது பக்கத்துப் பண்ணை களஞ்சியத்து மரம். கீழ செங்கல் இருக்கு, நான் வெச்சது. ஒடச்சுப் பாருங்க."

"செங்கல் பின்னாடி யாராவது வெச்சிருக்கலாம். மரத்துல வாச்சி அடையாளம் இருக்கே."

"களஞ்சியத்த செதுக்கினவன் அடையாளம்."

"மிஸ்டர் ஃபிஸ்க்" என்றார் டென்னிங், இன்னும் மெதுவாக. "இந்த வேலையில நான் இருபது வருஷமா இருக்கேன். கார் நிறுத்த எடம் வேணும்னா போதும், பழைய சுவரெல்லாம் எங்க மாமா கட்டினதுன்னு சொல்லிடுவாங்க. நீங்க அப்படிப்பட்டவர் இல்ல. வருத்தத்துல பேசறீங்க. நான் இத கேக்கலன்னு வெச்சுக்கறேன்."

அவர் காரை நோக்கிப் போனார். கிளெம் சுவரோரம் நின்றார். பதினைந்து வருடம் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார், இப்போது வாயைத் திறந்தபோது நம்ப ஆளில்லை. டோரீன் அங்கே இருந்திருந்தால் பேசியே அந்த மனிதரைக் காரிலிருந்து இறக்கியிருப்பாள். தனக்குப் பேச வராது என்பதற்காக அவர் தன் வாழ்நாளில் வருத்தப்பட்டதில்லை. அன்றுதான் வருத்தப்பட்டார். நாளைக்கு அவளிடம் போய் என்ன சொல்வது?

ஜன்னலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவது கட்டையில் கண் நின்றது. உடனே ஓடினார். எழுபது வயதில், ரப்பர் பூட்ஸோடு, சேற்றில் ஓடிப் போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"மூணாவது கட்டை" என்றார், மூச்சு வாங்க.

"என்னங்க?"

"அதுக்குத் தொளை பெருசாப் போச்சு. கட்டை ஆடிச்சு. அடைக்க ஒண்ணும் கையில இல்ல. டோரீன் கழட்டிக் குடுத்தா."

"என்னத்த?"

கிளெம்மின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பெண்டாட்டியின் உள்ளுடையைப் பற்றி ஒரு கவுன்சில் அதிகாரியிடம் பேச வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை. "ஸ்டாக்கிங்" என்று சேற்றைப் பார்த்துச் சொன்னார். "நைலான்."

டென்னிங் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பிறகு இறங்கி வந்தார்.

கிளெம் உளியால் கட்டையின் தலைப்பைச் சுற்றியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். குறட்டை உள்ளே விட்டு இழுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு நுனி வந்தது. இன்னும் இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழு ஸ்டாக்கிங், குதிகாலில் தையல் விட்டது. டென்னிங் அதை இரண்டு விரலால் வாங்கி லேசாக இழுத்துப் பார்த்தார். அது நீண்டது. விட்டதும் சுருங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் எதுவும் அப்படி நீண்டு சுருங்கியிருக்க வழியில்லை.

டென்னிங் அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். கிளெம் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முந்நூறு பேருக்கு மேல கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் டென்னிங். "கட்டுரை எழுதியிருக்கேன். படம் போட்டு."

"மன்னிச்சிடுங்க."

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கிளெம் யோசித்தார். "நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

டென்னிங் ஸ்டாக்கிங்கை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "உங்க மனைவிக்கு ஒவ்வொரு மே மாசமும் ஒரு இருமல் வருமே..."

"அது இருமல் இல்ல."

"நானும் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன்" என்றார் டென்னிங். "பன்னெண்டு தடவ." அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து கிளெம் ஒரு அடி முன்னால் வந்தார். அழவில்லை. கூச்சக்காரர்கள் சிரிப்பதைப் பார்ப்பது அபூர்வம். அவர் வாளியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அதில் நிஜ வருத்தமும் இருந்தது. உயிராக நினைத்த ஒன்று கையை விட்டுப் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் நல்ல மனிதர். எழுந்ததும் வேலையைப் பார்த்தார். பட்டியலில் ஏறுவதற்கு முன்பே செய்ததால் குற்றம் இல்லை. இருந்தாலும் முறைப்படி மனு போட வேண்டும், வேலியில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், எட்டு வாரம் ஆகும். "ஏப்ரல் கடைசிக்குள்ள முடியாது" என்றார். "ஆஸ்பத்திரிக்கு நான் எழுதறேன். ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்றேன்." எழுதினார். அதோடு விடாமல் நேரிலும் போய் நின்றார் என்று பிறகுதான் தெரிந்தது. மனுவை மேஜை மேஜையாகத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை வைக்கும்போது சுவரின் அடிச்சட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது, அது அசல்.

"அதுல நான் அடிப்பேனா?" என்றார் கிளெம், மனம் புண்பட்டு.

மே முதல் சனிக்கிழமை ஜன்னலை எடுத்தார்கள். டென்னிங் பழைய சட்டை போட்டுக்கொண்டு உதவிக்கு வந்திருந்தார். மர ஆணிகளைத் தட்டிக் கழற்றி, ஜன்னலை முழுசாக, ஒரு கட்டைகூட உடையாமல், இரண்டு பேரும் தூக்கிப் புல்லில் வைத்தார்கள். சுவரில் இருந்த ஓட்டையைக் கிளெம் பார்த்தார். இருபத்தெட்டு வயதில் அதே ஓட்டைக்கு முன்னால் நின்றது அவருக்கு நினைவு வந்தது. குட்டைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கத்தியது காதில் கேட்டது. அழுகை வந்துவிட்டது.

"தூசி" என்றார்.

"ஆமா, நிறையத் தூசி" என்று சொல்லிவிட்டு டென்னிங் ஆப்பிள் மரங்களைப் பார்க்கப் போனார்.

செங்கலை இடித்துவிட்டு, ஓக் பலகையில் சாதாரணக் கதவு ஒன்று செய்தார் கிளெம். இந்தத் தடவை எதையும் பார்த்துச் செய்யவில்லை. நாற்காலியின் அகலத்தை ஆஸ்பத்திரியில் அளந்துகொண்டு வந்து, அதற்கு மேல் ஒரு கை அகலம் விட்டார். நர்ஸின் விரல்கள் அடிபடக் கூடாதே என்றுதான்.

மே பன்னிரண்டாம் தேதி, ஆப்பிள் பூ உதிர்கிற வாரத்தில், ஆம்புலன்ஸ் வந்தது. டோரீனிடம் அவர் "கதவு வெச்சாச்சு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. பின்பக்கம் ஏதோ செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு ஆட்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புல்லின் மேல் வந்தார்கள். வீட்டின் மூலை திரும்பியதும் டோரீனின் நல்ல கை சக்கரத்தைப் பிடித்துவிட்டது. நாற்காலி நின்றது.

அவள் கதவைப் பார்த்தாள். பேசவில்லை. டோரீன் பேசாமல் இருப்பது கிளெம் பார்த்திராத விஷயம். ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்ன உள்ள கொண்டுவர வேற வழி இல்ல, கெழவி" என்றார் கிளெம். பிறகு நிறுத்த முடியாமல் பேசினார். "இந்த வீட்டுல மத்ததெல்லாம் யார் யாரோ செஞ்சது. அத அறுக்க எனக்கு உரிமை இல்ல. இது ஒண்ணுதான் நம்முது. நம்முத எடுத்தா ஊருக்கு நஷ்டமில்ல. ஷெட்ல வெச்சிருக்கேன். ஒண்ணும் ஒடையல. நீ அந்த இல்லத்துக்குப் போயிட்டா, இந்த ஜன்னல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? நீ இல்லாம எனக்கு முடியல."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. டோரீனும் கேட்டதில்லை.

"டென்னிங்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள் கடைசியில்.

"ம்."

"எப்படி நம்பினான்? என் ஸ்டாக்கிங்கக் காட்டினியா?"

"ம்."

"அட பாவி மனுஷா!" பழைய குரல், சர்ச்வரை கேட்கும் குரல். "பன்னெண்டு வருஷமா, உண்மை தெரியறப்ப அவன் மூஞ்சியப் பாக்கக் காத்துக்கிட்டிருந்தேன்! நான் இல்லாத நேரத்துலயா போய்ச் சொல்லுவ? நான் ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கெடக்கேன், நீ இங்க எல்லாத்தையும் தனியா அனுபவிச்சிருக்க!"

சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. கண் இரண்டிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. துடைக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது, அந்தக் கையால் கிளெம்மின் சட்டையைப் பிடித்திருந்தாள். அதனால் கிளெம் துடைத்துவிட்டார்.

நாற்காலி சாய்வுப் பலகையில் ஏறி, வாசலைத் தாண்டி, எங்கும் இடிக்காமல் உள்ளே போயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மிஷின் மூலைக்குப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் டோரீன் இருந்தாள்.

"என்னத் திருப்பு" என்றாள். கிளெம் நாற்காலியை வெளியே பார்க்கத் திருப்பினார்.

திறந்த கதவு வழியாகத் தோட்டம் முழுவதும் தெரிந்தது: புல், புல்லில் கிடந்த பூ, மரங்களின் அடி, அங்கே கிளறிக்கொண்டிருந்த கோழிகள்.

"நாப்பத்திரண்டு வருஷம் இங்க உக்காந்து மரங்க தலையத்தான் பாத்திருக்கேன்" என்றாள். "ஜன்னல் உசரம் அப்படி. கீழ இவ்வளவு நடக்குதா?"

மே மாதமானாலும் எங்கள் ஊரில் கிழக்குக் காற்று கடலிலிருந்து நேராக வருகிறது, வழியில் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அது அறைக்குள் புகுந்து செய்தித்தாளைத் தூக்கியது. கிளெம் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாத. போய் என் கோட்ட எடுத்துட்டு வா. ஒனக்கும் ஒண்ணு."

அவர் இரண்டு கோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கையைப் பிறகு. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளெம் அவள் முன்னால் மண்டியிட்டு, அந்த இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பிடித்து, கோட்டின் கைக்குள் மெதுவாக விட்டார்.